வேகப்படகு வாங்கும் முன்: எது எங்கே உடையும் என்ற கணக்கு

புளோரிடா கடற்கரையில் மணிக்கு 70, 80 மைல் வேகத்தில் ஓடக்கூடிய, 30 முதல் 40 அடி நீளமுள்ள படகு ஒன்றை வாங்க விரும்புபவர் முன் இன்று மூன்று வகைப் படகுகள் நிற்கின்றன. முதலாவது, 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட, பின்சுவரிலும் ஸ்ட்ரிங்கரிலும் (அடிப்பகுதியை விறைப்பாக்க நீளவாக்கில் ஓடும் சட்டம்) மரம் பொதிந்த பழைய ஆழ்-வி படகு, அதாவது ஆழமான ‘V’ வடிவ அடிப்பகுதி கொண்டது. இரண்டாவது, அதன் பின் வந்த தலைமுறை: எடையைக் குறைப்பதற்காக அடிப்பகுதி வரை பால்சா மரத்தையோ ஃபோமையோ ‘கோர்’ என்ற நடுப்பொருளாக வைத்து, இருபுறமும் கண்ணாடி இழை ஒட்டியது. மூன்றாவது, எபாக்சி ரெசினும் கார்பன் இழையும் கொண்டு வாக்குவம் முறையில் கட்டப்படும் இன்றைய படகு. விற்பனை விளம்பரங்கள் இன்ஜின், பெயிண்ட், ஓடிய மணி நேரம் ஆகியவற்றைச் சொல்லும். வாங்குபவர் கேட்க வேண்டியது வேறு: இந்தப் படகு உடையும்போது எந்த இடத்தில் உடையும், அதற்கு முன் ஏதாவது அறிகுறி காட்டுமா, அதைச் சரிசெய்ய எவ்வளவு பிரித்துப் போட வேண்டியிருக்கும்? இந்தக் கேள்விகளைக் கொண்டுதான் இங்கே மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

படகின் அடியில் தண்ணீர் அடிக்கும் விசை, தோராயமாக வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி உயர்கிறது. 60 மைலில் ஓடிய படகு 80 மைலில் ஓடும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். அடியில் விழும் அடியோ ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். இதைத் தாங்கத்தான் ரே ஹன்ட் ஆழ்-வி வடிவத்தை வகுத்தார். 1960ஆம் ஆண்டின் மயாமி–நாசோ பந்தயத்தில் டிக் பெர்ட்ராமின் ‘மோப்பி’ முரட்டுக் கடலில் வென்ற பிறகு, பின்முனை வரை சுமார் 24 பாகைச் சரிவோடு செல்லும் அந்த அடிப்பகுதியே கடல் வேகப்படகின் இலக்கணமாயிற்று. ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்களைத் தொடங்கிய டான் அரோனோவின் பட்டறைகள் இருந்த மயாமிப் பகுதியின் 188ஆம் தெரு, அந்த இலக்கணத்தை வணிகமாக்கியது. ஆனால் ஆழ்-வி வடிவம் அடியின் உச்சத்தைத்தான் மழுக்குகிறது. அடியே விழாமல் செய்வதில்லை. இன்ஜின் சக்தி கூடக் கூட, வடிவம் தந்த சலுகையை ஓட்டுபவர் வேகமாக மாற்றிக்கொண்டுவிடுகிறார், கட்டுமானம் பழைய நெருக்கடிக்கே திரும்பிவிடுகிறது.

சட்டம் காப்பாற்றும் என்று நம்புவதற்கும் அதிக இடமில்லை. படகில் தண்ணீர் நிறைந்தாலும் மிதக்க வேண்டும் என்ற அமெரிக்கக் கூட்டாட்சி விதி 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கானது. உல்லாசப் படகின் அடிப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்வதில்லை. ஐரோப்பாவில் கட்டுமான வலிமைக்கென்றே ஐஎஸ்ஓ 12215 என்ற தரநிலை உண்டு. அதன் ஐந்தாம் பகுதியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு 50 நாட் வேகம் வரையிலான படகுகளையே கணக்கில் எடுத்தது. 50 நாட் என்பது மணிக்கு 57 மைலுக்குச் சற்று மேல். நாம் பேசும் படகுகள் அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான் தம் வேலையையே தொடங்குகின்றன. ஆகவே கட்டியவரின் நேர்மையும் அனுபவமும்தான் இங்கே தரநிலை.

பழைய ஆழ்-வி

இந்தப் படகுகளின் அடிப்பகுதி பெரும்பாலும் கோர் எதுவும் இல்லாத, மேட்டும் (சிதறிய கண்ணாடி இழை விரிப்பு) ரோவிங்கும் (நெய்த கண்ணாடி இழைத் துணி) ரெசினில் அடுக்கடுக்காகக் கையால் ஒட்டிய கெட்டி லேமினேட். கையால் ஒட்டும் வேலையில் ரெசின் அதிகமாகத் தங்கிவிடும். வெறும் மேட் என்றால் எடையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் கண்ணாடி இழை, மீதி ரெசின். எனவே படகு கனம். ஆனால் அந்தக் கனத்திற்குள் ஒரு தாராளம் இருக்கிறது. கட்டியவருக்கு நுட்பமான கணக்கு தெரியாதபோது, சந்தேகத்தை இன்னொரு அடுக்கு போட்டுத் தீர்த்துக்கொண்டார். கெட்டி லேமினேட்டில் விரிசல் விழுந்தால் அது விழுந்த இடத்திலேயே பெரும்பாலும் நிற்கும். சாணை பிடித்து, சரிவாக்கி, மீண்டும் அடுக்கு போட்டுவிடலாம்.

இவ்வகைப் படகுகள் சாகும் இடம் பின்சுவர். டிரான்சம் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சுவருக்குள் பிளைவுட் இருக்கிறது. ஸ்டெர்ன்டிரைவ், அதாவது உள்ளே இருக்கும் இன்ஜினின் சக்தியை வெளியே உள்ள புரொப்பெல்லருக்குக் கொடுக்கும் அமைப்பு, செருகுவதற்கு அதில் பெரிய ஓட்டை வெட்டியிருப்பார்கள். டிரிம் டேப் (படகின் சாய்வைச் சரிசெய்யும் பின்புறத் தகடு), ஏணி, நீச்சல் பலகை, வேகமானி உணரி என்று ஒவ்வொன்றுக்கும் நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ திருகாணி ஏற்றியிருப்பார்கள். அந்தத் துளைகளில் ஒன்று சரியாக அடைக்கப்படாமல் போனாலும் போதும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே பிளைவுட் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஊறிவிடும். பார்க்கும் முறை எளிது. டிரிம் டேப்பின் கீழ்த் திருகாணி ஒன்றைக் கழற்றினால், நல்ல டிரான்சத்தில் மரையின் இடுக்கில் காய்ந்த மரத்தூள் வரும். கெட்டதில் கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வரும், சில வேளை துளையிலிருந்து பழுப்பு நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாகக் கேட்கும், ஊறிய இடத்தில் ‘தப்’ என்று அமுங்கும். ஓசை மாறும் கோட்டைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனால், அழுகலின் வரைபடம் சுவரிலேயே உருவாகிவிடும்.

இந்த நோய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு: மெதுவாக வருகிறது, தேடினால் அகப்படுகிறது. ஸ்ட்ரிங்கருக்குள் இருக்கும் மரம் அழுகினாலும், அதைச் சுற்றியுள்ள கண்ணாடி இழை தடிமனாக இருந்தால் படகு சில காலம் தாக்குப்பிடிக்கும். இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகள் இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் முதல் புகார்.

கோர் போட்ட தலைமுறை

இரு தோல்களுக்கு நடுவே இலேசான ஒரு பொருளை வைத்து அவற்றை விலக்கி நிறுத்தினால், எடை கூடாமல் விறைப்பு பல மடங்கு கூடும். கொள்கையில் குறையில்லை. தோல்கள் இழுவையையும் அழுத்தத்தையும் தாங்க, நடுவிலுள்ள கோர் வெட்டுவிசையைத் தாங்குகிறது. அலைமேல் படகு விழும் ஒவ்வொரு முறையும் அந்த வெட்டுவிசை கோரையும், கோருக்கும் தோலுக்கும் இடையிலுள்ள ஒட்டையும் பிய்க்கப் பார்க்கிறது. ஆகவே இந்தத் தலைமுறையின் உயிர் அந்த ஒட்டில்தான் இருக்கிறது, ஒட்டோ வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

பால்சாவா ஃபோமா என்ற சண்டையில் இரு தரப்புக்கும் ஆள் உண்டு. கன மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அடர்த்தியுள்ள குறுக்கிழைப் பால்சாவின் வெட்டு வலிமை, 80 கிலோ அடர்த்தியுள்ள பிவிசி ஃபோமைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அழுத்தத்திலும் அது உறுதியானது. விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் தண்ணீர் புகுந்தால் அழுகும். பிவிசி ஃபோம் அழுகாது. உடையும் முன் நன்றாக வளைந்து கொடுக்கும். அதே வேளை, மெல்லிய அடர்த்தியுள்ள ஃபோமை வேகப்படகின் அடியில் போட்டால் அடி வாங்கி வாங்கி உள்ளேயே நொறுங்கித் தோலைக் கைவிட்டுவிடும். அதனால் ‘ஃபோம் கோர்’ என்ற சொல்லை மட்டும் கேட்டுத் திருப்தியடையக் கூடாது. அடியில் எந்த அடர்த்தி, பக்கவாட்டில் எந்த அடர்த்தி என்று கேட்க வேண்டும். நல்ல கட்டுநர்கள் அடியில் கனமான ஃபோமும் பக்கத்தில் இலேசானதும் போடுவார்கள். ஸ்டெர்ன்டிரைவ், தண்ணீர் உறிஞ்சும் குழாய் போன்றவை வரும் இடங்களில் கோரை எடுத்துவிட்டுக் கெட்டி லேமினேட்டாக மாற்றுவார்கள். அந்த மாற்றத்தைச் செய்யாமல், கோரைத் துளைத்துக் குழாயை நேராகச் சொருகிய படகுகள் நிறைய உண்டு. அந்தத் துளையின் விளிம்புதான் தண்ணீரின் வாசல்.

இன்னும் நுட்பமான ஒரு குறை இருக்கிறது. கோர் பலகைகள் வளைவில் படிவதற்காகச் சிறு கட்டங்களாக அறுக்கப்பட்டு, ஒரு பக்கம் மெல்லிய வலைத்துணியால் இணைக்கப்பட்டு வருகின்றன. அச்சின் வளைவில் அவற்றைப் படுக்க வைக்கும்போது அறுத்த வாய்கள் விரிகின்றன. அந்த இடைவெளிகள் அத்தனையையும் ரெசினோ புட்டியோ நிரப்ப வேண்டும். வாக்குவம் இல்லாமல் கையால் அழுத்தி ஒட்டிய படகில் பல வாய்கள் காலியாகவே நின்றுவிடும். பிறகு எங்கோ ஒரு துளை வழியாகத் தண்ணீர் நுழையும்போது, இந்தக் காலி இடுக்குகள் வாய்க்கால்களாகி, பின்முனையில் புகுந்த நீரைப் படகின் நடுவுக்குக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. டிரான்சம் அழுகலைப் போல இது ஒரு சுவரோடு நிற்பதில்லை.

உடையும் விதமும் வேறு. முன்பக்க மூன்றில் ஒரு பங்குக்கும் நடுப்பகுதிக்கும் இடையில், அலை முதலில் தொடும் இடத்தில், வெளித்தோல் கோரை விட்டு உள்ளங்கை அளவுக்கு விலகுகிறது. ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. விலகிய தோல் தனியாக அதிரத் தொடங்கும். ஒவ்வொரு அடியும் விளிம்பை இன்னும் கொஞ்சம் பிளக்கும். ஒரு நாள் வேகத்தில் ஓடும்போது தண்ணீர் அந்த விளிம்பைப் பிடித்துத் தோலை உரித்துவிடும். அப்படி நேர்ந்த படகைத் திரும்பக் கட்டுவது என்றால், தலைகீழாகப் போட்டு, வெளித்தோலை முழுக்க உரித்து, நனைந்த கோரைச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, புதிதாகப் போட்டு, மீண்டும் அடிப்பரப்பை நேர்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பல படகுகளுக்கு அந்தச் செலவு படகின் சந்தை விலையையே தாண்டிவிடும். சுத்தியலும் ஈரமானியும் இங்கே உதவும் என்றாலும், அடிப்பெயிண்ட் தடித்திருந்தாலோ வெளித்தோல் கனமாக இருந்தாலோ இரண்டும் ஏமாற்றும்.

இந்தத் தலைமுறையில் நல்ல படகே இல்லை என்று சொல்ல வரவில்லை. வினைல் எஸ்டர் ரெசினும் வாக்குவம் பேக்கும் சரியாகக் கையாளப்பட்ட படகுகள் இன்றும் முறுக்காக ஓடுகின்றன. பாலியெஸ்டரைவிட வினைல் எஸ்டர் அதிகம் நீண்டுகொடுக்கும், நீர்க்கொப்புளத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் அதே நிறுவனம், அதே மாடல், இரு வேறு ஆண்டுகளில் இரு வேறு விதமாகக் கட்டப்பட்டிருக்கலாம் என்பதால், பெயரை நம்பி இந்த வகையில் பணம் போடுவது மூன்றிலும் பெரிய சூதாட்டம்.

பொருளைவிட ஒட்டு

மூன்று வகையையும் தாண்டிப் பொதுவான ஒரு குற்றவாளி இருக்கிறது. ஸ்ட்ரிங்கரையும் குறுக்குத் தடுப்பையும் அடிப்பகுதியோடு சேர்க்கும் ஒட்டு வேலைதான் அது. ரெசின் முழுதாக இறுகும் முன் அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் வேதிமுறையில் ஒன்றாகும். இறுகி, ரெசினிலுள்ள மெழுகு மேலே மிதந்து வந்த பிறகு போட்டால், மேற்பரப்பைச் சாணை பிடித்துச் சொரசொரப்பாக்கினால் மட்டுமே பிடிக்கும். வெள்ளிக்கிழமை மாலை அடிப்பகுதியை ஒட்டிவிட்டுப் போய், திங்கள் காலையில் சாணை பிடிக்காமல் ஸ்ட்ரிங்கரை இறக்கும் பட்டறையில் எந்த ரெசினும் காப்பாற்றாது. தமிழ்நாட்டு மீன்பிடிப் படகுகளும் இதே மேட், ரோவிங், ரெசினால்தான் கட்டப்படுகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டித் தரப்பட்ட ஃபைபர் படகுகளின் தரம் குறித்தும் அன்று புகார்கள் எழுந்தன.

இதையும் கண்ணால் பார்க்கலாம். இன்ஜின் அறையின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, ஸ்ட்ரிங்கர் அடியைத் தொடும் மூலையைப் பாருங்கள். மூலை வட்டமாக நிரப்பப்பட்டு, அதன்மேல் இழைகள் இருபுறமும் நன்றாகப் பரவியிருக்க வேண்டும். விளிம்பு தூக்கி நின்றால், அதனடியில் ஒரு மெல்லிய கத்தியை நுழைத்துப் பாருங்கள். பிய்ந்து வந்த இடத்தில் அடிப்பரப்பு வெள்ளையாக, இழை கிழிந்து தெரிந்தால் அது அடி வாங்கி உடைந்தது. கண்ணாடிபோல் பளபளவென்று தெரிந்தால் அது ஒருநாளும் ஒட்டவே இல்லை. அப்படிப்பட்ட படகில் மற்ற மூலைகளையும் யாரும் ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள்.

மேல்தளமும் உடலும் சேரும் விளிம்பும் அப்படித்தான். ரப்பர் பட்டையால் மூடப்பட்ட அந்த இணைப்பை வெறும் திருகாணியும் கொஞ்சம் புட்டியும் பிடித்திருக்கின்றனவா, அல்லது மெத்தாக்ரிலேட் பசையோ உட்புற லேமினேட்டோ சுற்றிலும் கட்டியிருக்கிறதா என்று முன்முனை அறைக்குள் தலையை நுழைத்தால் தெரிந்துவிடும்.

எபாக்சியும் கார்பனும்

உலர்ந்த இழைகளை அச்சில் அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சி, ரெசினை உள்ளே இழுக்கும் இன்ஃப்யூஷன் முறையில் எடையில் 60 சதவீதத்திற்கு மேல் இழையைக் கொண்டுவர முடியும். கோரின் வாய்கள் தாமாக நிரம்பும். ஸ்ட்ரிங்கரையும் சேர்த்தே இழுத்துவிட்டால் இரண்டாம் ஒட்டு என்ற பிரச்சினையே பாதி தீரும். மிசௌரி மாநிலத்தின் எம்டிஐ, ரோட் ஐலண்டின் அவுட்டர்லிமிட்ஸ் போன்ற கட்டுநர்களின் பெயர் இந்த வட்டத்தில்தான் ஒலிக்கிறது. எபாக்சியைச் சூடேற்றிப் பதப்படுத்திய உடல், புளோரிடா வெயிலில் கறுப்புப் பெயிண்டோடு நின்றாலும் இழையின் தடம் மேலே தெரியாமல் நிற்கும். பதப்படுத்தாத ரெசின் அந்தச் சூட்டில் இளகி, நெசவின் கட்டங்களைப் பளபளப்பின் ஊடே காட்டிக் கொடுத்துவிடும். கடைசியாகச் சொன்னது, கறுப்புப் படகு வாங்குபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு சோதனை.

ஆனால் கார்பன் மன்னிக்காது. சாதாரணக் கண்ணாடி இழை உடையும் முன் நாலரை சதவீதம் வரை நீளும். வழக்கமான கார்பன் இழை ஒன்றரை முதல் இரண்டு சதவீதத்திலேயே அற்றுவிடும். இரண்டையும் கலந்து போட்டால் விறைப்பான கார்பன்தான் சுமையை முதலில் ஏற்கும், முதலில் அறும். கெட்டி லேமினேட் காட்டும் சிலந்தி விரிசல், வளைவு, முனகல் போன்ற முன்னறிவிப்புகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. மின்சாரத்தைக் கடத்துவதால் ஈரமானி கார்பனில் பொய் சொல்லும். அலுமினியம் பாகங்களைக் காப்பின்றி நேராகப் பொருத்தினால் உப்பு நீரில் அலுமினியம் அரித்துப்போகும். பழுது பார்க்க அதே திறமையுள்ள பட்டறை வேண்டும். மூலையிலுள்ள படகுத் துறையில் ஆகிற வேலையல்ல.

இந்த வகையில் கேட்டமரான் எனப்படும் இரட்டை உடல் படகுகளைத் தனியாக எடைபோட வேண்டும். இரண்டு உடல்களும் வெவ்வேறு அலைகளைச் சந்திக்கும்போது நடுவிலுள்ள சுரங்கக் கூரை முறுக்கப்படுகிறது. கூரை உடலோடு சேரும் உள்மூலைதான் விரிசலைத் தேட வேண்டிய முதல் இடம். எடை குறைவும் சுரங்கத்தில் அடைபடும் காற்றும் சேர்ந்து படகைத் தூக்கிவிடும் ஆபத்தும் உண்டு. 1990 அக்டோபரில் மொனாக்கோ அருகே உலகப் பட்டப் பந்தயத்தில் கேட்டமரான் கவிழ்ந்து ஸ்டெஃபானோ காசிராகி இறந்தார். திறந்த இருக்கைகளின் காலம் முடிந்து, ஓட்டுநர் இடுப்புப் பட்டையோடு மூடிய கூண்டுக்குள் அமர்வது பந்தயத்தில் விதியாகக் காரணமானவற்றுள் அந்த மரணமும் ஒன்று. உல்லாசத்துக்கு விற்கப்படும் கேட்டமரான்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கூண்டு இல்லை, வேகம் மட்டும் பந்தயத்துக்கு அருகில் இருக்கிறது.

இன்ஜினை மாற்றலாமா?

பழைய உடலை மலிவாக வாங்கி, ஸ்டெர்ன்டிரைவைக் கழற்றிவிட்டு, படகுக்கு வெளியே பின்சுவரில் தொங்கும் அவுட்போர்டு இன்ஜின் மாட்டலாம் என்ற யோசனை இப்போது பரவலாகியிருக்கிறது. ஸ்டெர்ன்டிரைவ் படகில் இன்ஜினின் பாரம் ஸ்ட்ரிங்கர்மேல், டிரான்சத்துக்கு முன்னால் அமர்ந்திருந்தது. அவுட்போர்டில் பாரம், உந்துவிசை, அலையில் விழும் அதிர்ச்சி மூன்றும் டிரான்சத்திலேயே தொங்குகின்றன. மெர்குரி ரேசிங் 450ஆர் ஒன்று சுமார் 313 கிலோ. மூன்று மாட்டினால் 900 கிலோவைத் தாண்டும். 2021இல் வந்த 12 சிலிண்டர் வெராடோ 600 ஒவ்வொன்றும் 570 கிலோவுக்கு மேல். அந்தச் சுமை டிரான்சத்திலிருந்து முட்டுச் சட்டங்கள் வழியாக ஸ்ட்ரிங்கருக்குப் போகும் பாதையைப் புதிதாகக் கட்டாமல், பிராக்கெட்டை மட்டும் போல்ட் போட்டு மாட்டுவது, உடைய வேண்டிய இடத்தை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

உடலைக் காலி செய்து, கண்ணாடி இழை கலந்த பாலியூரித்தேன் பலகையால் டிரான்சத்தையும் ஸ்ட்ரிங்கரையும் மறுபடி கட்டுவதானால் பழைய கெட்டி அடிப்பகுதி அதற்கு மிகவும் தகுதியானது. ஒரே எச்சரிக்கை: எலும்பை எடுத்த உடல் தன் எடையிலேயே தொய்யும். பல இடங்களில் தாங்கிய தொட்டிலில் வைத்து, நேர்ச்சட்டம் வைத்து அளந்து கட்டாவிட்டால் பின்பகுதியில் ஒரு குழிவு விழுந்து, 60 மைலுக்கு மேல் படகு மூக்கைக் கீழே அழுத்தித் திசை தடுமாறும்.

எதை எடுப்பது

வாரக் கடைசியில் குடும்பத்தோடு ஓடுபவர், 65 மைலுக்கு மேல் அபூர்வமாகவே போகிறவர், சொந்தமாகவோ நம்பகமான ஒருவரைக் கொண்டோ வேலை பார்க்கக்கூடியவர் என்றால், டிரான்சம் ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்டு, புகைப்படங்களோடு அதற்கு ஆதாரம் உள்ள பழைய கெட்டி அடி ஆழ்-வியையே எடுக்கச் சொல்வேன். கனமும் பெட்ரோல் செலவும் கூடத்தான். ஆனால் அதன் நோய்கள் தெரிந்தவை. தொடர்ந்து 80 மைலுக்கு மேல் ஓட்டப்போகிறவருக்குப் பழையதும் நடுத்தலைமுறையும் பொருந்தாது. இன்ஃப்யூஷன் உடலுக்கான பணம் சேரும் வரை பொறுக்க வேண்டும், அதிலும் அடிப்பகுதி கண்ணாடி இழையாகவும் மேல்தளமும் ஸ்ட்ரிங்கரும் கார்பனாகவும் உள்ள கட்டுமானம் கிடைத்தால் அதுவே என் தேர்வு. அடி வாங்கும் இடத்தில் நீண்டுகொடுக்கும் இழையும், விறைப்பு வேண்டிய இடத்தில் விறைப்பும் இருக்கும். நடுத்தலைமுறையை, அடிப்பெயிண்ட்டைச் சுரண்டி முழு அடியையும் தட்டிப் பார்க்க விற்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் தொடுங்கள்.

முன்பணம் கொடுக்கும்போது, சாம்ஸ் அல்லது நாம்ஸ் (அமெரிக்கப் படகு சர்வேயர் சங்கங்கள்) அங்கீகாரம் பெற்ற, வேகப்படகில் பழக்கமுள்ள சர்வேயரின் அறிக்கைக்கு உட்பட்டதே விற்பனை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புதுப் படகுக்கு ஆர்டர் தருபவர் இன்னொன்றையும் சேர்க்கலாம்: குழாய்க்கும் டிரைவுக்கும் துளை போடும்போது விழும் வில்லைகள் ஒவ்வொன்றிலும் இடத்தையும் உடல் எண்ணையும் எழுதித் தன்னிடம் தர வேண்டும் என்று. எத்தனை அடுக்கு, எந்தக் கோர், வாய்கள் நிரம்பினவா, துளையைச் சுற்றிக் கெட்டியாக்கினார்களா என்பதெல்லாம் அந்த வில்லையின் வெட்டுமுகத்தில் அப்படியே தெரியும்.